நாலாவது ஆள்

எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்மவர்கள் வெல்லப்பாகு காய்ச்ச ஆரம்பித்துவிடுவார்கள். "வெளியேதான் முள்ளு, உள்ளே பலாச்சுளை" என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் பலாவுக்குக் குறைவில்லை. எனக்கும் பலாப்பழம் தெரியும். அந்தம்மாவை உரித்தால் உள்ளேயும் முள்தான் இருக்கும். பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அந்த மாடி அறைக்குள் யாருக்கும் பெயர் கிடையாது என்பது அவர் போட்ட சட்டம். மற்ற சட்டங்களை நான் எந்த லட்சணத்தில் காப்பாற்றினேன் என்பது பின்னால் தெரியும். இது ஒன்றாவது மிஞ்சட்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டுகள் வரிசையாக நிற்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், ஒரு யூனிட்டில் அந்தம்மா செக்கிங், நான் பேக்கிங். சூளையிலிருந்து இறங்கும் கோப்பை, கிண்ணம் ஒவ்வொன்றையும் இடது கை விரல்நுனியில் ஏந்தி, வலது கைக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவார். 'டிங்' என்று ஓசை இழுத்தால் சரக்கு என் பக்கம் வரும். வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைப்பேன். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பக்கத்துத் தொட்டியில் போட்டு உடைப்பார். உடைக்கும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. நாள் முழுக்க டிங், டிங், டொக். எனக்கு இன்றைக்கும் தலைவலி வந்தால் அந்தத் தாளத்தில்தான் வருகிறது.

யூனிட்டுக்கு வெளியேயும் அந்தக் கை சும்மா இருக்காது. எஸ்டேட் வாசலில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, டீக்கடை வைத்திருந்தார். ஒருநாள் அந்தம்மா டீ கிளாஸை வாங்கி, குடிக்குமுன் நகத்தால் சுண்டினார். அப்படியே கிளாஸைக் கவிழ்த்து டீயை மண்ணில் ஊற்றினார்.

"விரிசலு. தூக்கிப் போடு," என்றார்.

"அது நல்ல கிளாசுங்க. நேத்துதான் வாங்கியாந்தேன்," என்றார் மாமா.

"நேத்து வாங்குனா விரிசல் வுடாதா? வாயக் கிழிச்சிக்கவா?"

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் தங்கள் கிளாஸைச் சுண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமாவுக்கு அன்றிலிருந்து அந்தம்மா என்றால் ஆகாது. எனக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போன விஷயம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். மாமா தன் பெண்ணை எனக்குக் கட்டிவைப்பதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நான் ஆண்களை விரும்புகிறவன் என்பது மாமாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

அந்தம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நெய்வேலியில் எனக்கு ஒருத்தர் இருந்தார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என்னென்ன சொல்லிக் கெஞ்சினேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் அந்தம்மா ஒரு கை வைக்கோலோடு நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு அந்தப் பூட்டிக் கெடக்கற குடோன் மாடிக்கு வா. ஒன்ன மாதிரி நாலு பேரு வராங்க. வாயத் தொறக்காத. யாரு பேரும் கேக்காத. பாயி நீயே எடுத்தா."

ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

அந்தம்மாவோடு சேர்த்து ஆறு பேர் நாங்கள். உட்காரும் இடம்தான் பெயர். கதவுக்குப் பக்கத்தில் நான், 'கதவோரம்'. பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை செய்த திருநங்கை ஒருத்தி 'ஜன்னல்'. எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் நடுவயசு வாத்தியார் ஒருவர் 'தூண்'. காலேஜ் படித்த இரண்டு பெண்கள், ஒருத்தியை ஒருத்தி விரும்பியவர்கள், 'முன்பாய்', 'பின்பாய்'. முதல் நாளே அவர்கள் ஒட்டி உட்கார்ந்தார்கள். அந்தம்மா குச்சியை நடுவில் நீட்டி, "தள்ளு. மூச்சு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிதான்," என்றார். அந்தப் பெண்களுக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார உலகத்தில் வேறு இடம் இல்லை.

பௌத்த தியானம்தான் என்றாலும் புத்தர் சிலை கிடையாது. படம் கிடையாது. ஊதுபத்தி கிடையாது. மூன்று தடவை புத்தம் சரணம் சொல்வார், அதுவும் முணுமுணுப்பாக. எங்கே கற்றார் என்று யாருக்கும் தெரியாது. சென்னையில் ஒரு விகாரையில் பிக்கு ஒருவரிடம் என்று 'தூண்' கேள்விப்பட்டிருந்தார். நேராகவே கேட்டதற்கு, "பாய விரி" என்று பதில் வந்தது. ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "ஞாயித்துக்கெழம எனக்கு வேற வேல இல்ல," என்றார்.

அரை மணி நேரம் மூச்சைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் வாழ்த்து. அதில் ஐந்து ஆட்கள். "ஒண்ணு நீ. ரெண்டு ஒனக்குப் புடிச்ச ஆளு. மூணு ஒறவும் இல்லாத பகையும் இல்லாத ஆளு. நாலு ஒனக்குப் புடிக்காத ஆளு. அஞ்சு எல்லா உசுரும். ஒவ்வொருத்தர் மூஞ்சியும் நல்லாத் தெரியணும். தெரிஞ்சதும் நல்லாருக்கட்டும்னு சொல்லு. பொய்யா சொல்லாத." எல்லா உயிரும் பகையில்லாமல் வாழட்டும் என்ற வாக்கியத்தை இவ்வளவு பகையோடு சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு நாலாவது இடத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வாரம் தவறாமல் அந்தம்மாவின் முகத்தைத்தான் அங்கே வைத்தேன். முன்பல் இடைவெளி, மூக்குத்தி விழுந்து தூர்ந்துபோன துளை, மோவாயில் ஒற்றை நரைமுடி, எல்லாம் எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆயிற்று.

ஒரு வாரம், முதல் ஆளைச் சொல்லும்போதே 'ஜன்னல்' உடைந்துவிட்டாள். "நான் நல்லாருக்கட்டும்" என்று வாய்க்குள் சொல்ல ஆரம்பித்தவள், 'நான்' என்பதைத் தாண்ட முடியாமல் விம்மி விம்மி அழுதாள். 'தூண்' எழுந்து அவள் பக்கம் போகப் பார்த்தார்.

"ஒக்காரு," என்றார் அந்தம்மா. 'ஜன்னலை'ப் பார்த்து, "அழறதுன்னா கீழ போயி அழுதுட்டு வா. எடம் இருக்கும்."

அவள் இறங்கிப் போனாள். கால் மணி நேரம் அவள் பாய் காலியாகக் கிடந்தது. வெயில் வந்ததால் 'முன்பாய்' கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்தாள். அந்தம்மா கண்ணைத் திறக்காமலே, "அது அவ எடம்," என்றார். 'ஜன்னல்' முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை, யாரும் தேற்றவில்லை. மனுஷியா இவள் என்று நான் பல்லைக் கடித்தேன்.

இன்னொரு வாரம் 'பின்பாய்'க்குத் தெரிந்த பையன் ஒருவன் சென்னையிலிருந்து வந்தான். நல்ல பையன், எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். தியானம் முடிவதற்குள் போனை எடுத்து எங்களைப் படம் பிடித்தான். விருத்தாசலம் மாதிரி ஊரில் இப்படி ஒரு இடம் இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்றான். நம்மைக் குற்றவாளியாக்கிய சட்டமே மாறிவிட்டதே, இன்னும் என்ன பயம் என்றான். சட்டம் மாறிய செய்தி எங்களுக்கும் வந்தது. மாமா கடை டிவியில் அதைச் சொன்னபோது யாரோ சேனலை மாற்றிவிட்டார்கள். அந்தம்மா எழுந்து வந்து, அவன் கையிலிருந்த போனை வாங்கி, மூலையிலிருந்த குடிதண்ணீர்ப் பானைக்குள் போட்டு, தட்டை வைத்து மூடினார். திரும்ப வந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பானைத் தண்ணீரை அன்றைக்கு நாங்கள் யாரும் குடிக்கவில்லை. அந்தம்மா மட்டும் ஒரு சொம்பு குடித்தார்.

ஆனாலும் நான் போனேன். ஒரு ஞாயிறு விடாமல் போனேன். அதையும் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் என் நடையை, குரலை, கை அசைவை நானே காவல் காத்துக்கொண்டிருப்பேன். அந்த அறையில் ஒரு மணி நேரம் காவலுக்கு லீவு. கண்ணை மூடியிருக்கிற ஐந்து பேருக்கு நடுவில் என் தோள் தானாக இறங்கும். அந்த நிம்மதிக்கு நான் அந்தம்மாவுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அந்தக் கிண்ணம். தியானம் தொடங்கவும் முடிக்கவும் மணிக்குப் பதிலாக ஒரு பீங்கான் கிண்ணத்தைத் தட்டுவார். விரிசல் விட்ட கிண்ணம், தொட்டியில் உடைக்காமல் எடுத்துவந்தது. 'டொக்' என்னும், அவ்வளவுதான். ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

"ஏங்க, யூனிட்டுல இத்தினி நல்ல கிண்ணம் இருக்குது. ஒண்ணு கெடைக்கலியா ஒங்களுக்கு?"

"ஒங்களுக்கு இது போதும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கழித்துப் போட்ட ஆட்களுக்குக் கழித்துப் போட்ட கிண்ணம். வீட்டில் தெரிந்தால் கழிப்பார்கள், ஊர் கழிக்கும், இங்கே வந்தால் இந்தம்மாவும் குச்சியால் தட்டி அதையேதான் சொல்கிறது. அந்த ஒரு வார்த்தையை ஆறு மாதம் வைத்துக் குமைந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, அவரே தட்டி 'டிங்' என்றதும் தேர்ந்தெடுத்து அனுப்பிய சரக்கிலிருந்து, மெல்லிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றை வாங்கிக்கொண்டேன். மறுநாள் முதல் ஆளாகப் போய் அறையைக் கூட்டிவிட்டு, விரிசல் கிண்ணத்தை எடுத்துப் படிக்கட்டின் இருட்டு மூலையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் என் கிண்ணத்தை வைத்தேன்.

அந்தம்மா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டினார்.

சத்தம் எழுந்து அறை முழுக்கச் சுற்றியது. எத்தனை நீளம், எத்தனை சுத்தம். 'ஜன்னல்' வாய்விட்டு "ஐயோ" என்றாள், சந்தோஷத்தில். பெண்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். அந்தம்மா கண்ணைத் திறந்து, உள்ளங்கையால் கிண்ணத்தை அழுத்திப் பிடித்துச் சத்தத்தைக் கொன்றார். என்னைப் பார்க்கவில்லை. வெளிப்பக்கம் காதைத் திருப்பிக் கேட்டார். பிறகு, "மூச்சப் பாரு," என்றார்.

எஸ்டேட்டில் மற்ற நாட்களில் அரவை மில்லின் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்றிருக்கும். குண்டூசி விழுந்தால் கேட்கும். இது எஸ்டேட் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆறு மாதம் அந்தக் கிண்ணத்தை நினைத்தேனே ஒழிய இதை நினைக்கவில்லை.

பத்து நிமிஷத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். மாமாவும் கடையில் இருந்த இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்.

"பூட்டிக் கெடக்கற குடோன்ல மணி அடிக்குது, இன்னா பூசன்னு பாக்க வந்தா…" என்ற மாமா என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "டேய். நீ இங்க இன்னாடா பண்ற?"

கூட வந்த ஒருத்தன் 'ஜன்னலை'ப் பார்த்து, "யோவ், இது வேற இருக்குதுய்யா," என்று சிரித்தான். 'முன்பாயும்' 'பின்பாயும்' துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். 'தூண்' சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மாமாவின் கண் 'ஜன்னல்' மேலிருந்து அந்தப் பெண்கள் மேல் போய், அங்கிருந்து என் மேல் வந்து நின்றது. இன்னும் ஒரு நொடி போனால் அவருக்கு விளங்கிவிடும். விளங்கினால் வீட்டில் எனக்குச் சோறு இல்லை, அம்மா முகத்தில் விழிக்க முடியாது, எஸ்டேட்டில் நடமாட முடியாது. அந்த ஒரு நொடியை அடைக்க எனக்கு ஒரு பொய் வேண்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அந்தம்மா இருந்தார்.

"இந்தம்மாதான் மாமா," என்றேன். "புத்த மதத்துல சேத்துக்கறேன்னு கூட்டியாந்தாங்க. வரலன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்னாங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன்."

யாரும் கேட்காமலே அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்தேன். பொய் சொல்வதில் எனக்கு ஒரு திறமை இருந்தது, வருஷக்கணக்கான பழக்கம்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். பிறகு குச்சியை மடியில் வைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பினார்.

"ஆமா. நான்தான் கூட்டியாந்தேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு பொய்யி சொன்னேன். இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தருக்கொருத்தர் பேருகூடத் தெரியாது, வேணும்னா கேட்டுப் பாரு. நீங்க அஞ்சு பேரும் கெளம்புங்க, வூட்டுக்குப் போங்க. எதுவா இருந்தாலும் இவங்க என்னயக் கேக்கட்டும்."

நாங்கள் ஐந்து பேரும் இறங்கி ஓடினோம். மேலே கிண்ணம் உடைகிற சத்தம் கேட்டது. மாமா கத்துவதும், அந்தம்மா அவர் கத்தலுக்கு மேலே போய், "மொதல்ல ஒன் கடை கிளாச மாத்து," என்று சொல்வதும் கேட்டது. படிக்கட்டில் விரிசல் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் இறங்கினேன்.

மதம் மாற்றுகிறாள் என்று எஸ்டேட் முழுக்கப் பரவியது. யூனிட்டில் இனி வர வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். அந்தம்மா ஒரு தங்கச்சியோடு வாடகை வீட்டில் இருந்தார். இருபது வருஷமாக அதே வீடு. வாசலில் சாணி அடித்திருந்ததாகவும், தங்கச்சி அழுதுகொண்டே அதைக் கழுவியதாகவும், அந்தம்மா பக்கத்தில் நின்று "அந்த மூலையில இருக்குது பாரு" என்று காட்டிக்கொண்டிருந்ததாகவும் யூனிட்டில் பேசிக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் இருவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். 'ஜன்னல்' அதற்கப்புறம் என்னைக் கண்டால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவாள். மாமா பெண்ணோடு நடக்க இருந்த கல்யாணமும் நடக்கவில்லை. அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். எந்த உறவைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அதுவும் அத்தோடு அறுந்துபோயிற்று.

வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூச்சு வரும் போகும். வாழ்த்துக்கு வந்தால் முதல் ஆளிலேயே நின்றுவிடுவேன். கீழே போய் அழுதுவிட்டு வா, இடம் இருக்கும் என்று சொல்ல ஆள் இல்லை.

போன தை மாதம் ஜங்ஷனில், சேலம் வண்டி நிற்கும் பிளாட்பாரத்தில் அந்தம்மாவைப் பார்த்தேன். முடி மொத்தமும் வெள்ளை. கையில் பேப்பர் கப்பில் டீ. சுண்டிப் பார்க்க முடியாத அந்தக் கப்பை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தங்கச்சி. தங்கச்சியை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் அந்தம்மாவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் முந்தானையில் துடைத்து, மறுபடி அவர் காதில் மாட்டி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு ஜாடையும் ஒத்துப்போகவில்லை. தங்கச்சி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அறையில் ஆறு பேருமே ஒரே ஜாதி என்பதும், நான் அன்று கைகாட்டியது யாரை என்பதும்.

கால் தானாகக் கிட்டே போயிற்று.

"கதவோரம்," என்றார் அந்தம்மா.

"அம்மா, அன்னிக்கு நான்…"

"வண்டி வந்துடும். சுருக்கா சொல்லு."

வருஷக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதில் "மன்னிச்சிடுங்க" மட்டும் வந்தது.

"மன்னிக்கல," என்றார்.

பக்கத்திலிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரா? அந்த நாலாவது ஆளு?"

"இவன்தான்."

"அட," என்றார் அவர். நிறையக் கேள்விப்பட்ட சொந்தக்காரரை நேரில் பார்ப்பதுபோல அவர் முகம் விரிந்தது. "தெனம் காலைல ஒங்களத்தாம்ப்பா நெனப்போம். நாலாவது எடத்துல. இவங்களுக்கும் நீங்கதான், எனக்கும் நீங்கதான். நான்தான் ஒங்களப் பாத்ததே இல்லியே, அதனால இவங்கதான் மூஞ்சிய சொல்லுவாங்க. எடது காதுகிட்ட மச்சம்னாங்க. இருக்குது பாருங்க."

நான் காதைத் தொட்டேன். தினமும் காலையில் இரண்டு பேர் என் முகத்தை முன்னால் வைத்து, நல்லாருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பொய்யாகச் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

"மூஞ்சி கொஞ்ச நாளா மங்கலாதான் வந்துது," என்றார் அந்தம்மா. "நேரா நில்லு. கைய எடு."

வண்டி வந்தது. இருவரும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அந்தம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார். வண்டி நகரும்வரை நான் முகத்தைத் திருப்பாமல் நின்றேன்.